ஆறு இரவில் ஒரே ஒரு பாம்பு: இப்படிக் கணக்கெடுப்பதால் பயன் உண்டா?

இரவுச்சேவை எழுதியது:

வணக்கம். காடு, விலங்கு விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுவதை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன். இப்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கிறது.

நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். வயது 51. என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். காட்டோரத்து ஓடை ஒன்றில் தவளைகளையும் பாம்புகளையும் இரவில் கணக்கெடுப்பதுதான் அவளுடைய ஆய்வு. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இருக்கிறது. ஆனால் தனியாகப் போகக்கூடாது. கூட வந்துகொண்டிருந்த தோழிக்கு வேலை கிடைத்துவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் சரியில்லை. "சித்தப்பா, உங்க ஓஃப் நாளில் வர முடியுமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஓர் இரவு போகிறேன்.

200 மீட்டர் ஓடைக்கரை. 25 மீட்டருக்கு ஒரு நாடா கட்டி எட்டுத் துண்டாகப் பிரித்திருக்கிறாள். இரவு 8 மணிக்குத் தொடங்கி மெதுவாக நடப்போம். அவள் தேடுவாள், நான் எழுதுவேன். நேரம், வெப்பம், ஈரப்பதம், கடைசியாக மழை பெய்தது எப்போது, எத்தனையாவது துண்டு, என்ன இனம், தரையிலா இலையிலா, எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. எதையும் கையால் தொடுவதில்லை. முடிந்ததும் இருவர் காலணியையும் தேய்த்துக் கழுவி மருந்து தெளிக்கிறாள்.

ஆறு இரவு முடிந்துவிட்டது. தவளை மொத்தம் 61. பாம்பு ஒன்றே ஒன்று, இலை மேல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பச்சைப்பாம்பு. அதுவும் இரண்டாவது இரவில். அதன் பிறகு நான்கு இரவாக எதுவும் இல்லை. கடைசி முறை நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தவள் பாம்புக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டாள். காரில் திரும்பும்போது பேசவே இல்லை. படிப்பில் முதல் நிலையில் வரும் பிள்ளை, தன் கண் சரியில்லையோ என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

என் கேள்விகள்:

ஒன்றுமே தென்படாத இரவுகளால் ஆய்வுக்கு என்ன பயன்? ஆறாவது இரவு வேலை முடிந்து வெளியே வரும் வழியில், கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாம்பைப் பார்த்தோம். அதைக் கணக்கில் சேர்க்கலாமா? அந்தக் காலணிக்கு மருந்து எதற்கு? அப்புறம், தவளைச் சத்தத்தை வைத்து இனம் சொல்கிறாளே, அதை என்னைப் போன்றவர்கள் பழகிக்கொள்ள முடியுமா?

இடம்: [எழுதியவர் நீக்கிவிட்டார்]

---

கறம்பக்குடிக்காரன் எழுதியது:

அண்ணே, வணக்கம். நான் புல் வெட்டும் வேலையில் இருக்கிறேன், இங்கே வந்து ஒன்பது வருசம் ஆகிறது. படிப்பு விசயம் எனக்குத் தெரியாது. ஆனால் பாம்பு இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். பகலில் சாலையோரத்தில் வேலை செய்கிற நாங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது பார்க்கிறோம். முதுகு வெண்கல நிறத்தில் மின்னிக்கொண்டு மரத்தில் ஏறும் ஒன்று, ஊரில் கொம்பேறிமூக்கன் என்போமே, அதே சாடை. ஒருமுறை கால்வாய்க்குள் மலைப்பாம்பு. நாங்கள் நாலு பேர் எட்டி நின்றுகொண்டு மேற்பார்வையாளருக்குப் போன் பண்ணினோம். ஆள் வந்து எடுத்துப்போகும் வரை யாரும் கிட்டப் போகவில்லை.

ஊரில் பச்சைப்பாம்பைக் கண்கொத்திப் பாம்பு என்று அடித்தே கொல்வார்கள். நானும் சின்ன வயதில் அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இங்கே அது செடி மேல் தலையை நீட்டிக்கொண்டு ஆடாமல் நிற்பதைப் பார்த்த பிறகு, அது யாரை என்ன செய்யப் போகிறது என்று தோன்றிவிட்டது.

காலையில் வேலைக்குப் போகும்போது சாலையில் நசுங்கிக் கிடக்கும் பாம்புகளையும் பார்க்கிறேன். அதையெல்லாம் யாராவது எழுதி வைக்கிறார்களா? எழுதுவதாக இருந்தால் நான் படம் எடுத்துத் தருகிறேன்.

---

ஓடைக்கரை எழுதியது:

இரவுச்சேவை அண்ணன், உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் தூங்க முடியவில்லை. நீ சூன் சதுப்புக்காட்டு ஓடைகளில் இரண்டு வருடம் கள உதவியாளராக நடந்தவள் நான். சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கும் நன்னீர்ச் சதுப்புக்காடு அது. உங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கும் அதே மௌனத்தில் நானும் காரில் உட்கார்ந்து திரும்பியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. இடத்தின் பெயரை எடுத்துவிட்டீர்கள், நல்லது. காலையில் நான் பார்த்தபோது இருந்தது. அரிய தவளைக்கும் பாம்புக்கும் வாங்க ஆள் இருக்கிறது. ஓடையின் பெயரை எந்தப் பொதுத் தளத்திலும் எழுதவேண்டாம்.

அடுத்தது அந்தக் காலிக் கட்டம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்றைக்கே அவளிடம் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்கும் 0 என்று எழுதவையுங்கள். காலிக் கட்டம் என்றால் தேடவில்லை என்று பொருள். 0 என்றால் தேடினோம், தென்படவில்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. ஐந்து வருடம் கழித்து அந்த நோட்டை எடுக்கும் ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேறு வழியே கிடையாது. நான் என் முதல் இரண்டு மாதம் பாம்பு இல்லாத இரவுகளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பாம்பையும் தேடினேனா, தவளையை மட்டும் எண்ணினேனா என்று பின்னால் கேட்டபோது என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 11 இரவுகளை அப்படியே ஒதுக்கவேண்டி வந்தது. மழையில் நின்று, கொசுக்கடி வாங்கிச் சேர்த்த இரவுகள். இப்போதும் அந்த வருத்தம் போகவில்லை.

பாம்பு இருந்தும் கண்ணில் படாமல் போவதுதான் வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடையில் ஓர் இனப் பாம்பு இருக்கிறது, அதை ஓர் இரவில் நீங்கள் காணும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவில் காணாமல் போகும் வாய்ப்பு 0.9. ஆறு இரவும் காணாமல் போகும் வாய்ப்பு 0.9ஐ ஆறு முறை பெருக்கினால் வரும் 0.53. அதாவது பாம்பு அங்கேயே இருந்தாலும், ஆறு இரவில் ஒருமுறைகூடக் காணாமல் திரும்புவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு. 'இங்கே அது இல்லை' என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லவேண்டும் என்றால் 29 இரவு வெறுங்கையோடு வந்திருக்கவேண்டும். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இரவுகள்தான் இன்னும் போதவில்லை.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான். போன இரவு கண்டது, காணாதது எல்லாம் வரிசையாக இருந்தால்தான் 'இருந்தும் தென்படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு' என்பதைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். அந்தக் கணக்கில் 1க்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு 0க்கும் உண்டு.

இதன் அருமை தெரியவேண்டுமானால் பனாமா நாட்டின் எல் கோப்பே காட்டைப் பற்றி அவளைப் படிக்கச் சொல்லுங்கள். 2004இல் அந்தக் காட்டுக்குள் கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய் புகுந்து தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஆய்வாளர்கள் அங்கே இரவு இரவாக நடந்து தவளையோடு பாம்பையும் எழுதி வந்திருந்தார்கள். நோய்க்கு முன் கண்ட பாம்பு இனங்கள் 30. நோய்க்குப் பின் 21. தவளையை உண்டு வாழ்ந்த பாம்புகளுக்கு இரை போய்விட்டது. ஆனால் அங்கேயும் பல இனங்கள் ஓரிரு முறைதான் கண்ணில் பட்டவை. அதனால் வெறும் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. தென்படாத இரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் பாம்பு இனங்கள் உண்மையிலேயே குறைந்திருப்பதற்கு 85 விழுக்காடு வாய்ப்பு என்று 2020இல் வெளியிட்டார்கள். நோய் வருவதற்கு முன்னால் யாரோ சலிக்காமல் 0 எழுதி வைத்திருக்காவிட்டால் அந்தக் காட்டின் பாம்புகள் போனது யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

காலணிக்கு மருந்து போடுவதும் இதே நோய்க்குத்தான். கைட்ரிட் தவளையின் தோலில் தொற்றும். தவளை தோலால் நீரையும் உப்பையும் சமப்படுத்திக்கொள்ளும் உயிர். தோல் கெட்டால் கடைசியில் இதயமே நின்றுவிடும். ஈரமும் சேறும் ஒட்டிய காலணி ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்கு அதைச் சுமந்து போகலாம். அமெரிக்கக் காளைத்தவளை இந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டே பெரிதாக நோவாமல் திரியக்கூடியது. கேலாங்கில் கஞ்சியோடு தரும் பண்ணைத் தவளை அதுதான். விசாக தினத்தையொட்டி அதை வாங்கிப் புண்ணியம் என்று நீர்த்தேக்கத்தில் விடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் வருடாவருடம் தொண்டூழியர்களோடு நீர்த்தேக்கங்களில் நின்று சொல்கின்றன. விடுகிறவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அந்த ஓடையில் ஏற்கெனவே வாழும் உயிருக்கு அது என்ன செய்யும் என்று யாராவது அவர்களிடம் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

கழிவறைக்குப் பக்கத்தில் கண்ட பாம்பை அந்த 200 மீட்டர் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மற்ற இரவுகளோடு ஒப்பிட முடியாது. தனிப் பக்கத்தில் 'கணக்குக்கு வெளியே' என்று தலைப்பிட்டு நேரம், இடம், படத்தோடு எழுதிவையுங்கள். தூக்கி எறியவும் கூடாது.

தேடும் முறையைப் பற்றிக் கொஞ்சம். தவளையின் கண் டார்ச் வெளிச்சத்தில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். பாம்புக்கு அந்த நம்பிக்கை கூடாது. உருவத்தைத்தான் தேடவேண்டும். பச்சைப்பாம்பும் கொம்பேறிமூக்கன் வகைகளும் பகலில் திரிந்து இரவில் மெல்லிய கிளை நுனியில் தூங்குபவை. தலைக்கு மேலே, கொடி நுனிகளில், வெளிச்சத்தைக் கீழிருந்து மேலாக விட்டால் வெளிறிய வயிறு கயிறு போலத் தெரியும். வாக்ளர் குழிவிரியன் இருந்தால் அது இன்னும் வேறு மாதிரி. ஒரே மரத்தில் நாள்கணக்கில் அசையாமல் இரைக்குக் காத்திருக்கும். போன வாரம் பார்த்த கிளையை இந்த வாரமும் பாருங்கள்.

தேடுவது யார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குக் கண் வித்தியாசம் உண்டு. நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை உள்ளூர் ஆட்கள் தேடித் தேடிக் களைத்திருந்த இடத்தில், இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். தடம், எச்சம், சட்டை, புல் சாய்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் படிக்கும் கண் அது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். இருளர் தேடிய இரவையும் நான் தேடிய இரவையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. அதனால்தான் பெயர் வேண்டும்.

தவளைச் சத்தம் நிச்சயம் பழகும், பேருந்து ஓட்டுபவர் காது அது, இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றம் வந்தாலே பிடித்துவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கணக்கெடுப்பவருக்கு அந்த வாய்தான் துணை. உங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே இருந்தே தொடங்குங்கள். பெரிய மழை விட்டதும் கால்வாயிலிருந்து மாடு கத்துவது போல ஆழமாக வருவது கோடுபோட்ட காளைத்தவளை, அது இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்தது. புல்தரையில் நீண்டு உருளும் 'குர்ர்ர்' நம் ஊரிலும் உள்ள சாதாரணத் தேரை. சுவரிலோ வாளி ஓரத்திலோ இருந்து வாத்து போல ஒற்றை 'குவாக்' என்றால் நான்கு கோட்டு மரத்தவளை. தண்ணீருக்கு மேலே சோப்பு நுரை மாதிரி கூடு கட்டியிருக்கும், பாருங்கள். காட்டு ஓடையில் குறுகிய விசில் மாதிரிக் கேட்பது செப்புக்கன்னத் தவளையாக இருக்கும். உங்கள் 61இல் நிறைய அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கறம்பக்குடித் தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆம், எழுதுகிறார்கள். சாலையில் அடிபட்ட பாம்பும் ஒரு பதிவுதான், அந்த இனம் அங்கே வாழ்கிறது என்பதற்குச் சாட்சி. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்து காட்டை இரண்டாக வெட்டியது. அதை மறுபடி இணைக்க 2013இல் 62 மீட்டர் நீளத்தில் மரம் நட்ட பாலம் கட்டினார்கள். 2019இல் மண்டாயிலும் ஒன்று வந்தது. எந்த இடத்தில் எவை அடிபடுகின்றன என்ற பதிவு இருந்தால்தான் அடுத்த வழியை எங்கே அமைப்பது என்று யோசிக்க முடியும். வண்டி வராத பக்கம் நின்று படம் எடுத்து, தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள். அருகிவரும் இனங்களின் துல்லிய இடத்தை அதுவே மறைத்துவிடும். கண்கொத்தி என்றீர்களே, அந்தப் பாம்பின் அறிவியல் பெயரான அஹேதுல்லாவும் சிங்களத்தில் கண்ணைக் கொத்துவது என்ற பொருளில் வந்ததுதான். பழி கடல் கடந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அது பல்லியும் தவளையும் தின்னும் சாது.

---

செம்பவாங் அக்கா எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தாதி. பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

இங்கே விஷம் துப்பும் கருநாகம் உண்டு. எதிரே வந்தால் நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்னால் போங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே போங்கள், வெறும் கண்ணாடியாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணில் பட்டால் தேய்க்கக்கூடாது, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 995க்கு அழையுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக முயலாதீர்கள்.

பாம்பைவிட எனக்குப் பயம் மின்னலும் முறிந்து விழும் கிளையும்தான். இடி கேட்டால் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. சித்தப்பாவாக நீங்கள் அதில் கண்டிப்பாக இருங்கள்.

---

இரவுச்சேவை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஓடைக்கரை, நீங்கள் எழுதியதை அப்படியே அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். பிறகு அவளும் நானும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எந்த எந்தத் துண்டில் உண்மையிலேயே தேடினோம் என்று ஞாபகப்படுத்தினோம். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் தேடல் விடுபட்டிருந்தது. நான்காவது இரவின் ஏழாவது துண்டில் என் செருப்புப் பட்டையைச் சரிசெய்ய நான் அவளை நிறுத்திவிட்டேன், அங்கே சரியாகத் தேடவில்லை. அந்த ஒரு கட்டத்தைக் காலியாகவே விட்டு, பக்கத்தில் காரணம் எழுதினாள். மற்றதில் எல்லாம் 0. அந்தக் காலணியை மாற்றிவிட்டேன், இனிமேல் ரப்பர் பூட்ஸ்தான்.

நேற்று ஏழாவது இரவு. மாலை நான்கு மணிக்கு மழை விட்டது, ஈரப்பதம் 94. தவளை 19. விசில் சத்தத்தை நானே மூன்று முறை முதலில் கேட்டுச் சொன்னேன், மூன்றும் சரி. ஐந்தாவது துண்டில் கிளை நுனியில் பச்சைப்பாம்பு, என் கழுத்து உயரத்தில். இரண்டாவது இரவில் பார்த்த இடத்திலிருந்து நான்கு எட்டுதான் இருக்கும். அதே பாம்பா என்று கேட்டேன். 'தெரியாது சித்தப்பா, அதையும் அப்படியே எழுதுங்க' என்றாள்.

ஒரே தொந்தரவு, மழை ஈரத்தில் பேனா மை பரவி இரண்டு வரி படிக்க முடியாமல் போய்விட்டது. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

---

ஓடைக்கரை எழுதியது:

பென்சில். ஈரத்துக்குக் கரையாது. நனையாத தாள் வைத்த களக்குறிப்பு நோட்டும் கிடைக்கும். பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், இருட்டில் கீழே விழுந்தால் தேடவே முடியாது. வீட்டுக்குப் போனதும் அன்றைக்கே பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், அழிந்த அந்த இரண்டு வரியையும் நினைவிருக்கும்போதே 'பிறகு எழுதியது' என்று குறித்து எழுதிவிடுங்கள்.